அசையாத மடைக்கல்

ஏரி வெட்டிய ராஜாவின் பெயர் எனக்கு மறந்துபோய்விட்டது. இத்தனை காலம் கழித்து அவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அந்த ஏரியின் மடைக்காரன் காரியைத்தான் மறக்க முடியவில்லை. கேளுங்கள்.

அந்தக் காலத்து ஏரிகளில் மடை தண்ணீருக்கு அடியில் இருக்கும். அதன் வாயை ஒரு கல் அடைத்திருக்கும். ஏரி நிரம்பினால் மடைக்காரன் மூழ்கிப் போய் அந்தக் கல்லைத் தூக்க வேண்டும். தூக்கினால் தண்ணீர் கால்வாயில் போகும். தூக்காவிட்டால் கரை உடைந்து ஊரே போகும்.

மூழ்குமுன் கரையில் இருக்கும் ஐயனார் முன் விழுந்து கும்பிடுவது வழக்கம். காரியின் பாட்டன் கும்பிட்டான், அப்பன் கும்பிட்டான். காரி கும்பிடவில்லை. இருபது மழைக்காலம் கல்லைத் தூக்கியதில் அவனுக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

"ஐயனாரா முங்குறாரு? நான்தானே முங்குறேன்!" என்பான். கேட்டவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஓர் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. நான்காம் நாள் காலை கரையில் கசிவு கண்டது. ஓடித் தப்பலாமென்றால் ஊரைச் சுற்றிலும் வெள்ளம். காரியின் மனைவி நீலி நிறைமாத வயிற்றோடு மண் சுமந்து கொட்டினாள். கசிவு நிற்கவில்லை.

காரி மார்பைத் தட்டிக்கொண்டு குதித்தான். கல்லைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தான். கல் அசையவில்லை.

பலம் பலிக்காவிட்டால் என்ன, புத்தி இருக்கிறதே! மறுபடி மூழ்கிக் கல்லில் வடத்தைக் கட்டினான். கரையில் நான்கு எருதுகள் இழுத்தன. வடம் அறுந்தது, கல் அசையவில்லை.

மேலே வந்தவனின் மூக்கில் ரத்தம் வடிந்தது. பாவம், பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

"மாமா, உன் மூச்சு தீந்துபோச்சு. இனி யாரை நம்பிப் போவே?" என்று நீலி அழுதாள்.

காரி தள்ளாடி நடந்து ஐயனார் முன் விழுந்தான். "ஐயா, என்னால ஆகல. நீ பாத்துக்க. ஆனா நான் போறதை விடமாட்டேன்" என்றான். எழுந்தான். மூன்றாம் முறை குதித்தான்.

இந்த முறை அவன் இழுக்கவில்லை. இழுக்கத் தெம்பும் இல்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஐயா" என்று மனசுக்குள் சொல்லியபடி சும்மா இருந்தான். அப்படி இருந்தபோதுதான் அவன் கையில் ஏதோ தட்டுப்பட்டது. வெள்ளம் இழுத்து வந்த ஒரு வேர், கல்லுக்கும் மடைச் சுவருக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுகியிருந்தது. முதல் இரண்டு முறையும் இருந்த அவசரத்தில் அதை அவன் கவனிக்கவே இல்லை. வேரைத் திருகிப் பிடுங்கினான். மெல்லத் தூக்கியதுமே கல் எழும்பியது. தண்ணீர் மடைக்குள் பாய்ந்தது.

நீர் இறங்க இறங்கக் கசிவு அடங்கியது. ஊரார் காரியைத் தோளில் தூக்கினார்கள். "காரி, உன் மூச்சே மூச்சு!" என்று கூவினார்கள்.

"என் மூச்சு ரெண்டாம் தடவையே தீந்துபோச்சுய்யா. மூணாம் தடவை என்னைக் கூட்டிட்டுப் போனது அவரு" என்றான் காரி.

சோதனைக் காலத்தில் தன்னை மட்டும் நம்பியவன் தன் பலம் முடிகிற இடத்தில் நின்றுவிடுவான், கடவுளை நம்பியவனோ அதையும் தாண்டிப் போவான்.