பாக்கியத்துக்கு மைனா தேடிய சொல்

பறவைகளும் மனிதரும் பேசிப் பழகிய அந்தக் காலத்தில், முத்துக்குளித்துறைக் கரையில் மைனாதான் துபாஷி. கப்பல்காரர்களின் இங்கிலீஷைத் தமிழிலும், கரைக்காரர்களின் தமிழை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்லும். ஒரு சொல்லுக்கு எட்டுச் சொல் தெரியும் என்று அதற்குக் கொஞ்சம் கர்வம்.

ஒருநாள் புயலில், கப்பலிலிருந்து இறங்கிய படகொன்று கவிழ்ந்தது. கரையில் இருந்த மீனவன் சந்தியாகு கட்டுமரத்தில் போய்ப் பத்து மாலுமிகளை மீட்டான். பத்தாவது ஆளைக் கப்பல் கயிற்றில் ஏற்றிவிட்டதுமே, ஓர் அலை சந்தியாகுவைக் கட்டுமரத்தோடு இழுத்துப் போனது.

காற்று அடங்கியதும் தேடப் போவதாக இருந்தார் கப்பல் தலைவர். அதற்குள் மைனாவைக் கூப்பிட்டு, "அவன் மனைவி எப்படி இருக்கிறாள், பார்த்து வா" என்றார்.

சந்தியாகுவின் மனைவி பிரகாசியாள் கரையில் கடலைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"பத்து உசுரு பிழைச்சது எங்க பாக்கியம்னு சொல்லு" என்றாள்.

பாக்கியத்துக்கு இங்கிலீஷில் என்ன? வழியெல்லாம் மைனா யோசித்தது. சந்தோஷத்துக்கு ஒரு சொல், நல்ல காலத்துக்கு ஒரு சொல், இரண்டுக்கும் நடுவில் இன்னும் சில. கடைசியில் காதுக்கு இனிமையாக இருந்ததை எடுத்தது.

"ஹேப்பியாக இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

'அப்படியானால் ஆள் வீடு வந்துவிட்டான்' என்று நினைத்த தலைவர், பாயை விரித்து ஊர் திரும்பக் கிளம்பினார்.

கரையில் பிரகாசியாள் மைனாவைப் பார்த்தாள். "கப்பல் அந்தப் பக்கம் போகுதே. அவுகள தேடலையா?"

தன் சொல்தான் கப்பலைத் திருப்பிவிட்டது என்று மைனாவுக்குப் புரிந்தது. துரத்திப் போய்க் கப்பல் கைப்பிடியில் உட்கார்ந்தது.

"சொல் மாறிவிட்டது. ஹேப்பி இல்லை, லக்கி."

"அதுவும் நல்ல சேதிதானே?" என்றார் அவர்.

மைனாவுக்கு வேறு சொல் எதுவும் கிடைக்கவில்லை. அலகைத் திறந்து, பிரகாசியாள் சொன்னதை அவள் குரலிலேயே சொன்னது. 'பாக்கியம்' என்ற இடத்தில் அவள் தொண்டை கம்மியதைக்கூட விடவில்லை.

தமிழில் ஒரு வார்த்தையும் அறியாத தலைவர் தொப்பியைக் கழற்றினார். கப்பலைத் திருப்பச் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள், உடைந்த கட்டையைப் பிடித்து மிதந்த சந்தியாகுவைத் தூக்கினார்கள்.

அன்று துபாஷி வேலையை விட்டதுதான்; இன்றுவரை மைனா எந்தச் சொல்லையும் மாற்றிச் சொல்வதில்லை, கேட்டதைக் கேட்ட குரலிலேயே சொல்கிறது.