வளைவு வரைக்கும்

அந்த வருஷம் மலையில் இரண்டு பருவமழையும் பொய்த்தன. ஓடை சுருங்கிப் பாறைகளுக்கு நடுவே மெலிந்து கிடந்தது. கரையில் தகரக் கூரை போட்ட குடிலில் சிவகாமி அம்மா இருந்தார். சீடர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்கள். சபாபதி மட்டும் மிச்சம். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். தீட்சை வாங்காமல் இறங்குவதில்லை என்று இருந்தார்.

மதிய வேளையில் அவர் ட்ரவுட் மீன் பிடிப்பார். மீனின் வாய் கிழியாதபடி, தூண்டில் கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி வைத்திருந்தார். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடுவார். பிடித்ததை உடனே விட்டுவிடுவார்.

ஒரு நாள், ஓடையோரமாகக் கீழே போயிருந்த அம்மா திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றார். சபாபதியின் கையில் ஒரு மீன் இருந்தது.

"சாப்பிடப் போறதில்லை. அப்புறம் எதுக்குப் பிடிக்கிறீங்க?"

"விடுறதுக்குத்தாம்மா. பிடிக்காம எப்படி விடுறது?"

"வக்கீல் தொழிலை விட்டீங்க. வாதத்தை விடலை."

சபாபதி சிரித்தார். மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, மெல்ல விரல்களைத் திறந்தார். அது கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே நின்றது. பிறகு வாலை அசைத்து, ஓடை திரும்பும் வளைவைத் தாண்டி மறைந்தது.

"பாருங்க, ஒரு கீறல் இல்லை. வீட்டையும் இப்படித்தான் விட்டேன். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. இன்னும் ஏன் எனக்குத் தீட்சை தரமாட்டேங்கிறீங்க?"

"கிளம்பும்போது மரகதம் என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவா என் சம்சாரம்? சிரிச்ச முகமா நின்னு கையாட்டினா."

"எதுவரைக்கும் பார்த்தீங்க?"

"பஸ் வளைவு திரும்புற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா? அதான் விட்டாச்சே."

அம்மா குடிலுக்குள் போய்க் குடத்தை எடுத்து வந்து நீட்டினார்.

"இன்னிக்குத் தண்ணி வளைவுக்குக் கீழ போய் மொண்டு வாங்க."

சபாபதி அந்தப் பக்கம் போனதே இல்லை. வளைவுக்கு அப்பால் ஓடை ஒரு குட்டையாகத் தேங்கியிருந்தது. குனிந்து கையை விட்டார். அடுப்போரம் வைத்த தண்ணீர் போலிருந்தது. கரைக் கல்லில் சில மீன்கள் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. ஒன்று மட்டும் இன்னும் ஈரம் மாறாமல், வயிறு மேலே தெரிய மிதந்தது. அதன் உதட்டில் கொக்கி பட்ட சிறு துளை.

குடத்தைக் காலியாகவே தூக்கி வந்தார். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி சுடுதும்மா."

"ஆமா. குளிர்ந்த தண்ணியில வாழுற மீன் அது. தூண்டில்ல போராடின பிறகு, அந்தச் சுடுற தண்ணியில அதுக்கு மூச்சு திரும்பலை. நானும் இன்னிக்குத்தான் போய்ப் பார்த்தேன்."

சபாபதி குடத்தைக் கீழே வைக்கவில்லை.

"நல்லாத்தானே நீந்திப் போச்சு. என் கண்ணால பார்த்தேனே."

"பார்த்தீங்க," என்றார் அம்மா. "வளைவு வரைக்கும்."