மூலைக்கொரு செருப்பு

கோயமுத்தூர் மில் முதலாளி குழந்தைவேலு, நிதி ஆலோசனை ஆபீசுக்குள் நுழையும்போதே மார்தட்டிக்கொண்டுதான் நுழைந்தார்.

"தோட்டம் வித்த பணம் மொத்தத்தையும் ஒரே கம்பெனி ஷேர்ல போடுங்க. போனாப் போகட்டும். பயம்னா என்னன்னே எனக்குத் தெரியாது!"

மேனேஜர் பொம்மை மாதிரி தலையாட்டினார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த கோமளாவுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க" என்றாள்.

முதலாளியின் மீசை துடித்தது. "என்னையா பயந்தாங்கொள்ளிங்கறே? இப்பவே நிரூபி அம்மிணி. இல்லேன்னா இன்னையோட உனக்கு இங்க வேலை இல்லை."

அதற்கும் மேனேஜர் தலையாட்டினார்.

கோமளா அசரவில்லை. "வாசல்ல செருப்பைக் கழட்டினப்பப் பார்த்தனுங்க. ஒண்ணைப் பூந்தொட்டிக்குப் பின்னால விட்டீங்க. இன்னொண்ணை மாடிப்படிக்கு அடியில தள்ளினீங்க. எதுக்குங்க?"

"ஜோடியா விட்டா எவனாவது மாட்டிக்கிட்டுப் போயிருவானே!" யோசிக்காமலே பதில் வந்தது.

"செருப்பையே ஒரே இடத்துல விட உங்களுக்கு மனசு வரலை. தோட்டம் வித்த பணத்தை ஒரே இடத்துல விட்டுட்டு நிம்மதியாத் தூங்கிருவீங்களாக்கும்?"

முதலாளி சுருதி இறங்கி, "சரி, நாலஞ்சு இடமாப் பிரிச்சே போட்டுரு" என்றார்.

மேனேஜருக்கோ பெரிய மனுஷரைக் குளிரவைக்க வேண்டுமே! ஓடிப்போய் இரண்டு செருப்பையும் தேடி எடுத்து, வாசலில் ஜோடியாக வைத்துவிட்டுப் பல்லைக் காட்டினார்.

எழுந்து வந்த முதலாளி வாசலைப் பார்த்ததும் அலறினார்: "யோவ்! எவன்யா ரெண்டையும் ஒண்ணா வச்சது?"