இரண்டு பக்கமும் மீசை

கல்யாணத் தகவல் தளம் நடத்தும் நிறுவனம் ஒன்றில், நிரல் எழுதுபவர்களுக்குத் தலைவி மங்கையர்க்கரசி. வயதில் சிறியவர், ஜாவாவில் பெரியவர். அவரிடம் பாடம் கேட்க வந்தவர் இருதயராஜ். நாற்பதைத் தாண்டியவர். அதுவரை கீழ்த்தளத்தில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களின் வசவுகளைத் தொலைபேசியில் வாங்கிக்கொண்டிருந்தார்.

அவர் செய்த முதல் பக்கத்தை மறுநாள் காலை முதலாளி பார்ப்பதாக இருந்தது. பிடித்தால் மேலே இருக்கலாம். இல்லையென்றால் மறுபடி வசவு.

பக்கம் எளியதுதான். இடப்பக்கம் படமும் விவரமுமாக மாப்பிள்ளையின் அட்டை, வலப்பக்கம் பெண்ணின் அட்டை. அட்டைக்கென்று ஒரே ஒரு துண்டுப் பக்கம் எழுதி, அதை இரண்டு இடத்திலும் இன்க்ளூட் செய்து, அதாவது கூப்பிட்டுச் சேர்த்து, வைத்திருந்தார். திறந்தால் இரண்டு பக்கமும் ஒரே மீசை.

"நல்ல பொருத்தம்," என்றார் மங்கையர்க்கரசி. "ஊர், உயரம், படிப்பு, எல்லாம் ஒத்துப்போகுது."

"கிண்டல் பண்ணாதீங்க மேடம்."

"யாரைக் காட்டணும்னு துண்டுக்கு எப்படித் தெரியுது?"

"செஷன்லேர்ந்து அதுவே எடுத்துக்குது."

செஷன் என்பது தளத்துக்குள் வருகிறவருக்காக சர்வர் வைத்திருக்கும் பை. கடைசியாகப் பார்த்த மாப்பிள்ளை அதில் கிடந்தார்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"துண்டை ரெண்டாக்கிடறேன். மாப்பிள்ளைக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு."

"தேடல் பக்கத்துல இருபது பேர் வருவாங்களே சார்?"

இருதயராஜ் இருபது துண்டுகளை விரல் விட்டு எண்ணப் பார்த்தார். மங்கையர்க்கரசி எழுந்தார்.

"வாங்க, பக்கத்துப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வரலாம்."

"நான் சர்ச்சுக்குப் போறவன் மேடம்."

"தெரியும். அதனாலதான் கூப்பிடறேன்."

சின்னக் கோயில். முன்னால் நின்ற அம்மாளிடமிருந்து அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள், "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ," என்றார்.

"தினம் வர்றேன், என் பேர் தெரியாதா சாமி?"

"உங்க பேர் தெரியும். இன்னிக்கு யார் பேருக்கு?"

"மருமகளுக்கு. காலையிலேயே ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம். பூங்குழலி, ரேவதி நட்சத்திரம்."

மந்திரம் தொடங்கியது. உரிய இடம் வந்ததும் பூங்குழலி உள்ளே போனாள், ரேவதி போனது, மந்திரம் மேலே நடந்தது. அடுத்து நின்றவருக்கும் அதே மந்திரம். அந்த இடத்தில் மட்டும் வேறு பெயர், வேறு நட்சத்திரம்.

குருக்கள் இருதயராஜ் பக்கம் திரும்பினார். மங்கையர்க்கரசி கோபுரத்தில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பேர்?"

"இருதயராஜ்."

"நட்சத்திரம்?"

"அது... எங்க வீட்ல அதெல்லாம் பார்க்கிறதில்லீங்க."

"பரவாயில்லே. சாமி நட்சத்திரத்தையே சொல்லிடறேன்."

மந்திரம் எங்கும் தடுக்காமல் முடிந்தது. இருதயராஜ் கையில் ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் அறுகம்புல்லும் வந்தன.

திரும்பும் வழியில் இருதயராஜ் வாழைப்பழத்தை உரித்தார்.

"அந்தம்மாவை அவருக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சும் கேட்டார்."

"ஆமா."

"கேட்காம, தானா தெரிஞ்ச பேரைச் சொல்லியிருந்தா, அர்ச்சனை மாமியாருக்குப் போயிருக்கும்."

"போயிருக்கும். அவங்களுக்கும் நல்லதுதான்."

இருதயராஜ் நடையை எட்டிப் போட்டார்.

அலுவலகம் சேர்ந்ததும், துண்டு செஷனுக்குள் கையை விட்டு எடுக்கும் வரியை அழித்தார். இன்க்ளூட் செய்யும் ஒவ்வொரு இடத்திலும், யாரைக் காட்ட வேண்டும் என்பதைப் பாராமீட்டராக, அதாவது கூடவே தரும் தகவலாக, சேர்த்து அனுப்பினார். துண்டு ஒன்றுதான். ஆனால் மாப்பிள்ளை ஒரு பக்கம் இருந்தார், பெண் ஒரு பக்கம் இருந்தாள். தேடல் பக்கத்தில் இருபது பேரும் அவரவர் முகத்தோடு வந்தார்கள்.

காலையில் முதலாளி பார்த்தார். இரண்டு மூன்று ஜோடிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். "சார் இனி மேலேயே இருக்கட்டும்," என்று மங்கையர்க்கரசியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இருதயராஜ் இன்னும் உட்காரவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம். துண்டைக் கூப்பிடற பக்கம் ஏதாவது ஒரு விவரத்தைச் சொல்லாம விட்டுட்டா? இல்ல, சொல்றதுக்கு அவங்ககிட்ட இல்லவே இல்லேன்னா? துண்டு அங்கேயே நின்னுடாதா?"

மங்கையர்க்கரசி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நட்சத்திரம் இல்லாம வந்தவரைக் குருக்கள் வாசலோட அனுப்பிட்டாரா என்ன?"