படத்துக்குப் பின்னால் ஒரு சீட்டு

"என் வீட்டுக்காரி வயித்துல ஒரு புழு பூச்சி தங்கல, சாமி," என்றார் நயினார்.

மலையடிவாரத்தில் சின்ன மடம். குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடர் நயினாருக்கு நாற்பத்தெட்டு. சீடர் குருவைச் சாமி என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். ஊரில் சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம், அண்ணாச்சி?"

"இருபது."

"என்னவெல்லாம் செஞ்சீய?"

"உலகம்மா சுத்தாத அரசமரம் இல்ல. தொட்டில் கட்டினா. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தா, ஊசி போட்டா. அவகிட்ட ஒரு குறையும் இல்லன்னுட்டாங்க. ஒன்பது வருஷமா ஆடிக் கடைசி வெள்ளிக்கு அம்மன் கோயில்ல மண்சோறு சாப்பிடுதா."

"அவங்க செஞ்சதைச் சொன்னீய. நீங்க என்ன செஞ்சீய?"

நயினார் யோசித்தார்.

"கூடவே போவேன், சாமி. அவ சாப்பிட்டு முடிக்கது வரைக்கும் செருப்பைப் பார்த்துக்கிட்டு வாசல்ல நிப்பேன்."

குரு அதற்கு மேல் கேட்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது.

பந்தியில் எல்லாருக்கும் இலை விழுந்தது. நயினாருக்கு விழவில்லை. குருவே சோற்று வாளியோடு வந்து, அவருக்கு முன்னால் கல்தரையில் இரண்டு கரண்டி சோறு போட்டார்.

"சாமி, இலை?"

"கோயில்ல அவங்களுக்கு இலை உண்டுமா?"

"கிடையாது."

"கையால எடுக்கலாமா?"

"கூடாது. கையைப் பின்னால கட்டிக்கிடணும். குனிஞ்சு வாயாலதான் எடுக்கணும்."

குரு வாளியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அங்கே கிடந்த நயினாரின் செருப்புப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நயினார் கையைப் பின்னால் கட்டிக் குனிந்தார். முதல் வாயிலேயே பல்லில் மணல் நெறுநெறுத்தது. மூக்கில் சோறு ஒட்டியது. பக்கத்து இலைக்காரர்கள் பார்க்காதது மாதிரி சாப்பிட்டார்கள். அது இன்னும் கேவலமாக இருந்தது. இரண்டாவது வாய்க்கு அவரால் குனிய முடியவில்லை.

நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. எழுந்து வாசலுக்கு வந்தார்.

"ஒரு விஷயத்தை மறைச்சிட்டேன், சாமி. பத்து வருஷத்துக்கு முன்னால ஒரு டாக்டரம்மா என் பேருக்கும் ஒரு சீட்டு எழுதித் தந்தாங்க. விந்துப் பரிசோதனைக்கு. நான் போகல."

"ஏன்?"

"என்கிட்ட குறைன்னு வந்துட்டா ஊருக்குள்ள எப்படித் தலை நிமிர்ந்து நடக்கது?"

குரு தரையில் கிடந்த மிச்சச் சோற்றைப் பார்த்தார்.

"சீட்டு எங்க?"

"வீட்டுல, முருகர் படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருக்கேன்."

"எடுத்துட்டுப் போங்க, அண்ணாச்சி."

மறுநாள் காலையில் உலகம்மாள் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து நயினார் படத்துக்குப் பின்னால் கைவிட்டார். சீட்டு பழுத்துப் போயிருந்தது. பத்து வருஷத்துச் சீட்டில் தூசி இல்லை. அவசரத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

பரிசோதனைக்கு ஒரு சின்ன டப்பா, ஒரு தனி அறை, பத்து நிமிஷம். அவ்வளவுதான். இதற்குத்தான் அந்த மனிதர் பத்து வருஷம் பயந்து கிடந்தார். நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

டாக்டர் அவரைப் படுக்க வைத்துப் பார்த்தார். வந்த முடிவுகளையும் பார்த்தார்.

"உயிரணு ரொம்பக் குறைவு. விதைப்பையில நரம்பு புடைச்சிருக்கு. நிறைய ஆம்பளைங்களுக்கு இருக்கிறதுதான், வெட்கப்பட ஒண்ணும் இல்ல. சின்ன ஆபரேஷன். செஞ்சா பல பேருக்குச் சரியாகுது. அப்பவே வந்திருக்கலாம்." பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார். "வீட்டம்மாவுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தாறு."

டாக்டர் பேனாவை மூடினார்.

நயினார் நேராக மடத்துக்குப் போனார்.

"குறை என்கிட்டதான், சாமி. சரி பண்ணியிருக்கக்கூடிய குறை. இருபது வருஷமா ஊரு அவளைப் பேசிச்சு. நான் கேட்டுக்கிட்டு நின்னேன்."

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லுதீய, அண்ணாச்சி?" என்றார் குரு. எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டில் உலகம்மாள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நயினார் பழைய சீட்டையும் புதிய காகிதத்தையும் நீட்டி, ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் பேனாவை மூடியதையும் சொன்னார்.

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பழைய சீட்டை மட்டும் வாங்கினாள்.

"இது இருக்கது எனக்குத் தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"வெள்ளிக்கு வெள்ளி அந்தப் படத்தைத் தொடைக்கது யாரு? இதையும் எடுத்துத் தொடைச்சு, இருந்த மாதிரியே சொருகி வச்சிருவேன்."

நீட்டிய கையை நயினார் இறக்கினார்.

"தெரிஞ்சுமா ஒன்பது வருஷம் மண்ணுல சோறு தின்னே? பிள்ளை வேணும்னு?"

"பிள்ளையை மொத வருஷந்தான் கேட்டேன்," என்றாள் உலகம்மாள். "மத்த எட்டு வருஷமும், நீங்க இந்தச் சீட்டை எடுக்கணும்னுதான் கேட்டேன்."