விழுதை இழுத்த கடமான்

ஒரு காட்டில் கோடைக்கென்று இருந்தது ஒரே ஒரு குட்டை. தண்ணீர் குடிக்கக் குனிந்தால் சிறுத்தை பாயும். அதனால் கரையில் காவல் வேண்டும். மரத்தின் மேல் உட்கார்ந்து, சிறுத்தையின் வால் நுனி தெரிந்தாலும் கத்த வேண்டும். கூலி, கரையிலிருந்த அத்திமரத்துப் பழம்.

அந்தக் காவலை நீலன் என்ற மயில் பார்த்துவந்தான். குஞ்சாக இருந்தபோது அவன் பெட்டை, பெயர் நீலா. வளர்ந்தபின் தோகை முளைத்தது. "நான் ஆண்தான். நீலன் என்று கூப்பிடுங்கள்" என்றான். காடும் கூப்பிட்டது. தாகத்தில் வருகிறவனுக்குத் தோகையைப் பற்றி என்ன கவலை?

குட்டையின் தலைவன் கொம்பையன் என்ற கடமானுக்கு மட்டும் அது உறுத்தியது. அவன் பெரிய பக்தன். நாள் தவறாமல் சாமி ஆலமரத்தைச் சுற்றுவான்.

காட்டை ஆண்டது ஒரு பெண் யானை. அவள் போட்ட சட்டம் இது: "ஆணா, பெண்ணா, மாறியவரா, யாரோடு சோடி சேர்கிறார் என்று பார்த்து யாரையும் வேலையை விட்டு விரட்டக் கூடாது. சாமி மரத்தடியில் பூசைக்கு யாரை வைப்பது என்பது மட்டும் கும்பிடுகிறவர்கள் பாடு."

நியாயமான சட்டம்தான். கொம்பையன் அதன் கடைசி வரியை மட்டும் அசைபோட்டான்.

ஒரு காலையில் ஆலமரத்து விழுது ஒன்றைக் கொம்பில் மாட்டினான். குட்டைக்கரைவரை இழுத்து வந்து, மண்ணில் வைத்து மிதித்தான்.

"நீலாம்மா, கீழே இறங்கு."

"நீலன்" என்றது மேலிருந்து குரல்.

"ஏதோ ஒன்று. சாமியின் விழுது கரையைத் தொட்டுவிட்டது. இனி இதுவும் சாமி மரத்தடி. காவலும் பூசை வேலை. உன்னை ஆணில் சேர்ப்பதா, பெட்டையில் சேர்ப்பதா? சாமிக்குக் குழப்பமாக இருக்காதா?"

"சாமி சொன்னாரா?"

"என்னிடம் சொன்னார்."

"நேற்று நான் கத்தியதால்தான் உன் குட்டி பிழைத்தது. அதைச் சாமி சொல்லவில்லையா?"

"நன்றி வேறு, பக்தி வேறு. இறங்கு."

நீலன் இறங்கினான். தோகையை இழுத்துக்கொண்டு முள்ளுக்காட்டுப் பக்கம் நடந்தான். அங்கே எறும்பைத் தவிர ஒன்றும் கிடைக்காது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

காவலுக்குக் கொம்பையனின் மைத்துனன் வந்தான். அவனும் மான். மரம் ஏறத் தெரியாது. எல்லாரும் ஒரு கண்ணைப் புதர்மேல் வைத்துக்கொண்டே தண்ணீர் குடித்தார்கள்.

வெயில் முற்றியது. கடமானுக்குக் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும். அந்த ஆண்டும் விழுந்தது. புதுக்கொம்பு திடமாக வளர உப்பு மண் தின்ன வேண்டும். உப்பு மேடு தடியன் என்ற காட்டுப்பன்றியின் பொறுப்பு. அங்கே இறுகிய மண்ணைக் குளம்பால் உடைத்துக் கொடுப்பது கொம்பையன் வழக்கமாகச் செய்யும் வேலை. கூலி, உப்பு மண்.

போனான். மேட்டின் நடுவில் ஒரு விழுது புதைந்திருந்தது.

"அங்கேயே நில்லப்பா. இது சாமி மரத்தடி" என்றது பன்றி.

"இதுவா? எப்போதிலிருந்து?"

"முந்தாநாளிலிருந்து. நான்தான் கடித்து இழுத்து வந்தேன். நல்ல வித்தை. உன்னிடம் கற்றது."

"விளையாடாதே தடியா. எனக்கு வேலை இருக்கிறது."

"வேலையா? தண்ணீரில் உன் தலையைப் பார்த்தாயா? போன வாரம் ஆண்மான். இப்போது உனக்கும் உன் பெண்சாதிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உன்னை எதில் சேர்ப்பது? எங்கள் சாமிக்குக் குழப்பமாக இருக்காதா?"

பன்றிக்குட்டிகள் உருண்டு சிரித்தன. "கொம்பம்மா! கொம்பம்மா!"

"அது தானாக விழுந்தது! அதற்கு நான் என்ன செய்ய?" என்று கத்தினான் கொம்பையன்.

கத்திய வாய் அப்படியே நின்றது. நீலனின் தோகையும் தானாக முளைத்ததுதான்.

ஆனாலும் யானையிடம் போய் முறையிட்டான். அவள் வந்தாள். காடே கூடியது.

"விழுதை முதலில் இழுத்தது யார்?" என்று கேட்டாள்.

பன்றி வானத்தைப் பார்த்தது. யானையின் கண் பன்றிமேல் இருந்தது. கொம்பையன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், உப்பு மண் கிடைத்துவிடும். அப்போது கூட்டத்தின் ஓரத்தில் நீலன் தெரிந்தான். இளைத்திருந்தான். தோகையில் பாதி இல்லை. அவன் முகத்தைப் பார்க்க முயன்றான் கொம்பையன். முடியவில்லை.

"நான்தான்" என்றான்.

"எதற்கு?"

"சாமிக்காக என்று சொன்னேன்."

"சொன்னதைக் கேட்கவில்லை. எதற்கு?"

மொட்டைத்தலை குனிந்தது. "அவனை எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லத் தைரியமில்லை. சாமியை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒளிந்துகொண்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

யானை இரண்டு விழுதுகளையும் பிடுங்கி எறிந்தாள். "சாமி மரத்தடி என்றால் அந்த மரத்தின் அடி. அங்கே உங்கள் பூசையில் நான் தலையிட மாட்டேன். குட்டை, குட்டைதான். உப்பு மேடு, உப்பு மேடுதான். அவரவர் வேலைக்குப் போங்கள்."

கொம்பையன் மயிலருகே போனான். "நீலாம்மா..." என்று பழைய பழக்கத்தில் வாய் ஆரம்பித்தது. "நீலன், மன்னித்துவிடு."

"வேலைக்கு வருகிறேன். மன்னிப்பை இப்போது கேட்காதே" என்று சொல்லிவிட்டு நீலன் பறந்துபோய் அத்திமரத்தில் உட்கார்ந்தான்.

அன்று மாலை எல்லாரும் குடித்துவிட்டுப் போகும்வரை கொம்பையன் புதருக்குள்ளேயே நின்றான். பிறகு மெல்ல வந்தான். கரையில் தயங்கினான்.

"குடி. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது மேலிருந்து குரல்.

குனிந்தான். நாவறண்டு கிடந்தும், ஒரு வாய்த் தண்ணீர் இறங்க வெகுநேரம் ஆயிற்று.

நீதி: கும்பிடுவதற்கென்று விட்டுக்கொடுத்த இடத்தை வேலைத்தளம்வரை இழுத்து, அடுத்தவர் பிழைப்பில் மண் போடாதே.