கோலுக்கு முன்னால் நெருஞ்சி முள்

இலுப்பைக் காட்டுக்கும் அலையாத்தி நாட்டுக்கும் ஹாக்கி இறுதிப் போட்டி. ஆற்றைக் கடந்து, கழிமுகத்திலிருந்து அலையாத்தி அணி வந்து இறங்கியிருந்தது. கூட வந்த ரசிகர்கள் ஒன்பது ஆமைகள், இரண்டு நண்டுகள், அவ்வளவுதான். இலுப்பைக் காட்டு ரசிகர்களோ மைதானத்தைச் சுற்றி ஒரு கிளை விடாமல் தொங்கினார்கள்.

இலுப்பை அணியின் கோல்கீப்பர் செதிலி என்ற அழுங்கு, செதில் போர்த்திய எறும்புத்தின்னி. பந்து வந்தால் உடம்பைச் சுருட்டி, உருண்டு விழுந்து தடுப்பாள். அவள் முதுகுச் செதிலில் பட்ட பந்து 'டங்' என்று திரும்பிப் போகும். ஆனாலும் ஐந்து இறுதிப் போட்டி ஆடி, ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை. போன ஆண்டு ஒரு பந்து அவளைத் தாண்டிப் போனபோது, சொந்தக் காடே "ஓட்டைக் கூடை! ஓட்டைக் கூடை!" என்று கத்தியது. இந்த ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

ரசிகர்களுக்குத் தலைவன் செவலை என்ற குரங்கு. மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது. கத்தத் தெரியும்.

"சேத்து நாத்தம் அடிக்குதுடா! மூக்கைப் பொத்துங்க!"

"ஏய் மீன்தின்னி! ஓடிப் போய் தண்ணிக்குள்ள ஒளிஞ்சுக்கோ!"

மீன்தின்னி என்று அவன் திட்டியது எதிரணியின் கோல்கீப்பரை. துழாவன் என்ற நீர்நாய். அவன் நின்ற கோலுக்குப் பின்னால்தான் செவலையின் கூட்டம் மொத்தமும் போய் உட்கார்ந்திருந்தது.

பாதி ஆட்டம் முடியச் சற்று முன்னால், இலுப்பை அணித் தலைவனான புள்ளிமான் ஒரு பந்தை அடித்தான். மெதுவான பந்து. துழாவன் பாயவே இல்லை. கோல்!

மறு கோடியில் நின்ற செதிலிக்குக் கண் மந்தம். கூச்சலைக் கேட்டுத்தான் கோல் விழுந்தது என்று தெரிந்துகொண்டாள். வாலைத் தரையில் அடித்து அடித்து ஆடினாள்.

பாதி ஆட்டம் முடிந்தது. நடுவர் நாரை இறக்கையை உயர்த்தினார்.

"அணிகள் இடம் மாறட்டும்!"

செவலை கிளையில் துள்ளி எழுந்தான்.

"இடம் மாறணுமா? யாரு, எங்க மாறணும்?" என்றான் செவலை.

"பாதிக்கு அப்புறம் ரெண்டு டீமும் கோல் மாத்திக்குவாங்க, அண்ணே," என்றது ஓர் அணில்.

"இதை ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"ஹாக்கி பார்க்க வந்தவங்களுக்கு இதுகூடத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

செதிலி மைதானத்தின் நடுவே நடந்துகொண்டிருந்தாள். எதிரே துழாவன் வந்தான். ஒரு காலைத் தூக்கி, ஒரு காலை இழுத்து வந்தான்.

"பார்த்து நில்லுங்க அக்கா," என்றான் அவன். "அந்தக் கோல் பக்கம் தரை சரியில்ல."

"என்ன தரை?"

"முள்ளு. பின்னாடியிருந்து தூவிக்கிட்டே இருந்தாங்க."

"நடுவர்கிட்ட ஏன் சொல்லல?"

"மூணு தடவ சொன்னேன். இந்தக் கூச்சல்ல அவர் காதுல விழல."

செதிலி அந்தக் கோலை நோக்கி ஓடினாள். அதற்குள் செவலை கிளையிலிருந்து குதித்து வழியை மறித்தான்.

"அக்கா, அக்கா! ஒரு நிமிஷம் இருங்க! அங்க தரை ஈரமா இருக்கு. துடைச்சுத் தந்துடறேன்!"

செதிலிக்குக் கண்தான் மந்தம். மூக்கு மந்தமில்லை. குனிந்து மோந்தாள். கோலுக்கு முன்னால் மண் முழுக்க நெருஞ்சி முள். முள்ளில் ரத்தம். நீர்நாயின் பாதம் மெல்லிய தோல். அவன் பாயாமல் போனதற்குக் காரணம் அவளுக்கு விளங்கிவிட்டது.

"இதுதான் உன் ஈரமா?"

"எல்லாம் நம்ம காட்டுக்காகத்தான், அக்கா! நீங்க ஜெயிக்கணும்னுதான்!"

"போன வருஷம் ஓட்டைக் கூடைன்னு கத்துனியே, அதுவும் காட்டுக்காகத்தானா?"

செவலை வாலைச் சுருட்டிக்கொண்டு கிளைக்குத் தாவினான்.

செதிலியின் செதில்கள் ஒவ்வொன்றாகச் சிலிர்த்து நின்றன. நேராக நடுவரிடம் போனாள். "அந்தக் கோல் செல்லாதுங்க. அழிச்சிடுங்க!"

"நானாக அழிக்க விதி இல்லை, அம்மா," என்றார் நாரை. "அடித்த அணியின் தலைவர் வேண்டாம் என்றால் அழிக்கலாம்."

புள்ளிமான் பாய்ந்து வந்தான். "வாயை மூடு செதிலி! பாதி ஆட்டம்தான் பாக்கி. கோப்பை கைக்கு வந்தாச்சு. முள்ளு போட்டது நானா? நீயா?"

"நாம போடல. ஆனா அந்த முள்ளுதான் நமக்கு கோல் போட்டுக் குடுத்துச்சு."

"அஞ்சு வருஷமா தோத்தவ நீதானே? உனக்கு ஜெயிக்க வேண்டாமா?"

வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். அதனால்தான் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவள் ஆசைப்பட்டுக் காத்திருந்த ஒன்றை, ஒரு கைப்பிடி முள்ளால் இவர்கள் அசிங்கமாக்கிவிட்டார்கள்!

மட்டையைக் கீழே போட்டாள். "கோலை அழிக்கணும். முள்ளைப் போட்டவங்களே, விருந்தாளிங்க கண் முன்னாடி, ஒண்ணு விடாம பொறுக்கணும். அதுவரைக்கும் நான் கோல்ல நிக்க மாட்டேன்."

"நீ இல்லாம ஆட முடியாதுன்னுதானே மிரட்டுற?"

"ஆமா. மிரட்டறேன்!"

புள்ளிமான் காலால் மண்ணைக் கிளறினான். பிறகு நடுவரைப் பார்க்காமலே, "அழிச்சிடுங்க," என்றான்.

குரங்குகள் இறங்கி முள் பொறுக்கின. கையில் குத்தியபோது ஒவ்வொன்றும் ஐயோ அம்மா என்று அலறியது. ஆமைகள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. துழாவன் பாதத்தில் பூவரச இலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு எதிர்க் கோலில் போய் நின்றான்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. துழாவன் நொண்டிக்கொண்டே நான்கு பந்துகளைத் தடுத்தான். செதிலி ஆறு பந்துகளைத் தடுத்தாள். கடைசி நிமிடத்தில், அலையாத்தி அணியின் நீர்க்கோழி தரையோடு தரையாக ஒரு பந்து அடித்தது. செதிலி உருண்டு விழுந்தாள். பந்து அவள் நகத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது.

சுத்தமான கோல். அலையாத்தி நாடு ஜெயித்தது.

"துரோகி!" என்று கிளைகள் அலறின. "துரத்துங்கடா அவளை!" ஒரு விளாங்காய் பறந்து வந்து அவள் முதுகில் மோதியது.

பயந்தால் அழுங்கு சுருண்டுகொள்ளும். செதிலி சுருளவில்லை. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று கிளைகளைப் பார்த்தாள்.

"தோத்தது நான்!" என்றாள். "அந்த வலி என்னோடது. நாளைக்குக் காலையில பயிற்சிக்கு வருவேன். நீங்க எந்தப் பந்தைத் தடுத்தீங்க? எந்தப் பந்துக்கு ஓடினீங்க? நம்மள நம்பி ஆத்தைத் தாண்டி வந்தவன் கால்ல முள்ளைக் குத்திட்டு, நாம ஜெயிச்சோம்னு சொல்ல உங்களுக்கு வாய் கூசல? இனிமே என் பேரைச் சொல்லிக் கத்தாதீங்க!"

பிறகு துழாவனிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவன் பாதத்தில் அவிழ்ந்திருந்த பூவரச இலையை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

அடுத்த ஆண்டு எந்த நாடும் இலுப்பைக் காட்டுக்கு வந்து ஆடச் சம்மதிக்கவில்லை. அலையாத்தி நாடு மட்டும் சொல்லி அனுப்பியது: "உங்கள் அணி இங்கே வரட்டும். செதிலி கட்டாயம் வரட்டும். ரசிகர்கள் வேண்டாம்."

போட்டியன்று செவலையும் அவன் கூட்டமும் ஆற்றின் இக்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். நீருக்கு அப்பால், அலையாத்தி மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது.

"கோலா? யாருடா போட்டது?" என்றான் செவலை.

"தெரியலையே, அண்ணே."

மறுபடி ஓர் ஆரவாரம். மறுபடி அதே கேள்வி. பொழுது சாயும் வரை அவர்கள் எதையும் பார்க்காமல், எதுவும் தெரியாமல், அந்த மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆட வந்த விருந்தினரை அவமதிக்கும் ரசிகன், தன் அணியின் வெற்றியைக் கெடுப்பதோடு ஆட்டத்தையே தன் மண்ணிலிருந்து விரட்டிவிடுகிறான்.